சூடான கடலில் சிறியவை, குளிர்ந்த கடலில் பெரியவை? விலங்கு மிதவையுயிரிகளின் பண்புகள் கடலுக்குக் கடல் மாறும் கணக்கு

கடல் சூடாவதைப் பற்றிய செய்திகளில் இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "மிதவையுயிரிகள் சிறுத்துக்கொண்டே போகின்றன." இன்னொன்று, "மிதவையுயிரிகள் துருவங்களை நோக்கி நகர்கின்றன." இரண்டும் பொய்யில்லை. ஆனால் படிப்பவர் மனதில் அடுத்து எழும் கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. சிறுத்தால்தான் என்ன? ஓர் இனம் போன இடத்துக்கு இன்னோர் இனம் வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடாதா?

பெரும்பாலும் நேராவதில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் இனங்களின் பெயர்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த உயிர்கள் எப்படிப்பட்ட உடலோடு என்ன பிழைப்பு நடத்துகின்றன என்று பார்க்க வேண்டும்.

## யார் இவை

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தித் தன் இடத்தில் நிற்க முடியாத உயிர்கள் எல்லாம் மிதவையுயிரிகள். பிளாங்க்டன் என்ற பெயரை 1887-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் விக்டர் ஹென்சன். ஒளிச்சேர்க்கை செய்பவை தாவர மிதவையுயிரிகள். பிறவற்றைத் தின்று பிழைப்பவை விலங்கு மிதவையுயிரிகள். வாழ்நாள் முழுவதையும் மிதந்தே கழிக்கும் விலங்கு மிதவையுயிரிகளில் மட்டும் சுமார் 7,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நண்டு, சிப்பி, மீன் போன்றவற்றின் இளம்பருவங்கள் சில வாரங்கள் மட்டும் இந்தக் கூட்டத்தில் இருந்துவிட்டுப் போகும். அவை இந்தக் கணக்கில் சேரா.

கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிர்களிலிருந்து சொறிமீன்கள் வரை இதில் அடக்கம். ஆனாலும் ஆய்வாளர் இழுக்கும் வலையில் எண்ணிக்கையில் பெரும்பங்கு கோப்பிபாட்கள்தான். நீண்ட இரு உணர்கொம்புகளும் துடுப்பு போன்ற கால்களும் கொண்ட, அரை மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை நீளமுள்ள ஓட்டுடலிகள் இவை. முட்டையிலிருந்து வந்த பின் நாப்ளியஸ் என்ற ஆறு குஞ்சுப் பருவங்கள், கோப்பிபோடைட் என்ற ஐந்து இளம்பருவங்கள், பிறகு முதிர்ந்த விலங்கு என்று தோலுரித்துத் தோலுரித்து வளர்கின்றன. இந்தக் கட்டுரையில் அதிகம் வரப்போவதும் இவையே. அடுத்த நிலையில் இறால் போன்ற கிரில்கள், அம்புப்புழுக்கள், ஜெல்லி உடல் கொண்ட சால்ப்கள், சிறகுக்கால் நத்தைகளான டெரோபாட்கள், சுண்ணாம்பு ஓடு கட்டும் ஒருசெல் ஃபொராமினிஃபெராக்கள்.

## பண்பு என்பது எது

ஒரு தனி உயிரிடம் அளந்து பார்க்கக்கூடிய, அதன் பிழைப்பைப் பாதிக்கிற எந்தக் கூறும் பண்புதான். இனப்பட்டியல் என்பது தொழிற்சாலையின் வருகைப் பதிவேடு மாதிரி: யார் வந்தார்கள் என்று சொல்லும், யார் எந்த வேலையைப் பார்த்தார்கள் என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்காகவே பண்புகளை வைத்துப் பார்க்கும் முறை வளர்ந்தது. டென்மார்க்கின் தாமஸ் கியோர்போ போன்றவர்கள் கோப்பிபாட்களை மையமாக வைத்து இந்த முறையை முன்னெடுத்தார்கள். முக்கியமான பண்புகள் இவை:

1. உடல் அளவு. மற்ற பல பண்புகள் இதைப் பின்தொடர்கின்றன.
2. உணவு பிடிக்கும் முறை. அசையாமல் காத்திருத்தல், நீரோட்டம் உண்டாக்கி வடிகட்டுதல், நீந்தித் தேடுதல்.
3. எண்ணெய்ச் சேமிப்பும் துயில்நிலையும்.
4. பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலே வரும் தினசரிப் பயணம்.
5. இனப்பெருக்க முறை. முட்டைகளை நீரில் விட்டுவிடுவதா, பையில் சுமப்பதா.
6. உடலின் சரக்கு. ஓட்டுடலிகளின் ஈர எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை கார்பன் இருக்கும். ஜெல்லி உடலிகளில் அது ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. சிலவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடும் உண்டு.

இவற்றில் எதையும் தனியாகக் கூட்டிக்கொள்ள முடியாது. உடல் பெருத்தால் எண்ணெய் அதிகம் சேர்க்கலாம், ஆனால் மீனின் கண்ணில் எளிதில் படும். சுறுசுறுப்பாக நீந்தினால் உணவு கூடும், நீரில் எழும் அதிர்வைக் கொண்டு வேட்டைவிலங்கும் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கடலும் இந்தப் பேரத்தில் வேறு விலை கேட்கிறது. உலக வரைபடத்தில் பண்புகள் மாறுவதற்கு அடிப்படை இதுதான்.

## உடல் அளவு: பாதி உண்மை

துருவக் கடல்களில் பெரியவை, வெப்பமண்டலத்தில் சிறியவை. செய்திகள் சொல்லும் இந்த விதிக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆர்க்டிக்கின் கலானஸ் ஹைபர்போரியஸ் என்ற கோப்பிபாட் 7 மி.மீ. வரை வளரும். வெப்பமண்டலத் திறந்த கடலின் பெரும்பாலான கோப்பிபாட்கள் 1 மி.மீ.-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான். காரணங்கள் மூன்று.

1. வெப்பம் கூடும்போது உடல் வளர்வதும் பருவம் முதிர்வதும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. முதிர்ச்சி முந்திக்கொள்கிறது. அதனால் ஒரே இனமே வெதுவெதுப்பான நீரில் சிறிய உடலோடு முதிர்ந்துவிடுகிறது.
2. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. உடலின் தேவையோ அதிகம். உடல் பெருக்கப் பெருக்க, கன அளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு குறைவதால் நெருக்கடி கூடுகிறது.
3. உணவின் அளவு. வெப்பமண்டல, மித வெப்பமண்டலப் பெருஞ்சுழல்களின் (பெருங்கடல் நீர் வட்டமாகச் சுழலும் பரந்த பகுதிகள்) நடுப்பகுதிகளில் சத்துப்பொருள்கள் குறைவு. அங்கே ஆட்சி செய்வது புரோகுளோரோகாக்கஸ் போன்ற, ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய செல்கள். ஒரு கோப்பிபாட்டால் இவற்றை நேராகப் பிடித்துத் தின்ன முடியாது. நடுவில் ஒருசெல் வேட்டையர்கள் தின்று, அவற்றைக் கோப்பிபாட் தின்ன வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி கரைந்துபோவதால், மேல்படியில் பெரிய உடலைத் தாங்கும் அளவுக்கு மிச்சம் இருப்பதில்லை. துருவங்களை ஒட்டிய கடல்களிலோ வசந்தகாலத்தில் டயாட்டம்கள் என்ற பெரிய ஒருசெல் பாசிகள் கூட்டமாகப் பெருகுகின்றன, நேராகத் தின்னலாம்.

மூன்றாவது காரணத்தைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. என் பார்வையில் அதுதான் மற்ற இரண்டைவிடக் கூடுதல் கவனம் பெற வேண்டியது. ஏனென்றால், வெப்பமண்டலச் சுழல்களில் எல்லாமே சிறியவை என்றில்லை. படியைத் தாண்டத் தெரிந்தவை அங்கும் பெரிதாக வாழ்கின்றன. சால்ப்கள் சளி வலையால் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய செல்களைக்கூட வடிகட்டிப் பிடிக்கும். கோப்பிபாட்டுக்கு எட்டாத உணவு அவற்றுக்கு நேரடியாகக் கிடைக்கிறது. ரைசேரியாக்கள் என்ற ஒருசெல் உயிர்களில் பெரியவை பல தங்கள் உடலுக்குள்ளேயே பாசிகளைக் குடிவைத்திருக்கின்றன. வெளியே உணவு அரிதாக இருந்தாலும் உள்ளே ஒளிச்சேர்க்கை நடக்கிறது.

இன்னொரு பக்கம், குளிர்க்கடலிலும் எண்ணிக்கையில் முந்துவது பெரிய கலானஸ்கள் அல்ல. ஒய்த்தோனா சிமிலிஸ் என்ற, ஒரு மி.மீ.-ஐ எட்டாத கோப்பிபாட் ஆர்க்டிக்கிலிருந்து தென்பெருங்கடல் வரை ஏராளமாகக் கிடைக்கிறது. "குளிர்க்கடலில் பெரியவை வாழ்கின்றன" என்பதைவிட, "குளிர்க்கடலில் பெரியவையும் வாழ முடிகிறது" என்பதே சரியான வாக்கியம்.

## எண்ணெயும் நாட்காட்டியும்

பண்புகளின் வரைபடத்தில் மிகச் சுவையான பகுதி இது. வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கவே முடியாததும் இதுதான்.

உயர் அட்சரேகைகளில் உணவு வருடத்தில் சில வாரங்களே கொட்டுகிறது. மிச்ச மாதங்களைக் கடக்க ஒரு வழி, கிடைக்கும்போது எண்ணெயாக்கி வைத்துக்கொண்டு ஆழத்தில் போய்ப் படுத்துவிடுவது. வட அட்லாண்டிக்கின் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் இதற்கு நல்ல உதாரணம். மூன்று மி.மீ. கூட வராத இதன் கண்ணாடி போன்ற உடலை நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் நீளவாக்கில் ஒரு பளபளக்கும் பை தெரியும். கோடை முடிவில் அது மார்புப் பகுதியையே அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது மெழுகு எஸ்டர் என்ற ஒருவகை எண்ணெய். உலர் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாக இருப்பதும் உண்டு.

ஐந்தாம் கோப்பிபோடைட் பருவத்தில் இது பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. சில இடங்களில் ஆயிரம் மீட்டரையும் தாண்டும். அங்கே உணவில்லை, அசைவில்லை. குளிர்ந்த நீரில் உடலியக்கம் அடிமட்டத்தில் ஓடுகிறது. அழுத்தம் கூடும்போது மெழுகு எஸ்டர் கடல்நீரைவிட அதிகமாகச் சுருங்குவதால், எண்ணெய் நிறைந்த உடல் மேல்நீரில் மிதக்கப் பார்த்தாலும் ஆழத்தில் மிதப்பாற்றலை இழந்து அங்கேயே தங்கிவிட முடிகிறது. நீந்தி இடத்தைத் தக்கவைக்கும் செலவு மிச்சம்.

இதே குடும்பத்திலேயே நாட்காட்டி எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

1. கலானஸ் ஃபின்மார்க்கிகஸ்: நார்வே கடலில் பொதுவாக ஓராண்டில் ஒரு தலைமுறை. வசந்தத்தில் மேலே வந்து, தின்றபடியே முட்டையிடும். வரவை வைத்துச் செலவு.
2. கலானஸ் கிளேசியாலிஸ்: ஆர்க்டிக்கின் கரையோர ஆழம்குறைந்த கடல்களுக்கு உரியது. ஒரு தலைமுறைக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டு. உணவிருந்தால் தின்று முட்டையிடும், இல்லையென்றால் சேமிப்பிலிருந்தும் இடும்.
3. கலானஸ் ஹைபர்போரியஸ்: ஆர்க்டிக்கின் ஆழ்கடலுக்கு உரியது. வாழ்நாள் பல ஆண்டுகள். குளிர்கால இருட்டில், ஆழத்தில், ஒரு வாய் உணவு இல்லாமல் முழுக்கச் சேமிப்பை வைத்தே முட்டையிடுகிறது. எண்ணெய் நிறைந்த முட்டைகள் மெல்ல மேலெழும். பாசி பெருகும்போது குஞ்சுகள் மேலே தயாராக இருக்கும்.

உணவுக்காலம் எவ்வளவு குறுகியதோ, எவ்வளவு நம்பத்தகாததோ, அவ்வளவுக்கு உடலும் சேமிப்பும் பெருக்கின்றன, வாழ்நாளும் நீள்கிறது. மறுமுனையில், வெதுவெதுப்பான கரையோரக் கடல்களின் அகார்ஷியா போன்ற சிறு கோப்பிபாட்கள் இரண்டு மூன்று வாரங்களிலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடுகின்றன. எண்ணெய்ப் பை என்று சொல்லும்படி எதுவும் அவற்றிடம் இல்லை. அங்கும் கெட்ட காலத்தைக் கடக்க ஒரு வழி உண்டு. துயிலும் முட்டைகள் கடலடிச் சேற்றில் புதைந்து, பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பொரிக்கும் திறனோடு இருக்கும். ஆழமற்ற கடலுக்கு இது சரி. திறந்த பெருங்கடலில் நாலாயிரம் மீட்டர் கீழே விழுந்த முட்டையால் பயனில்லை.

வட அட்லாண்டிக்கையும் வட பசிபிக்கையும் ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். அட்சரேகை ஒன்று, குளிர் ஏறத்தாழ ஒன்று. ஆனால் வட அட்லாண்டிக்கில் குளிர்காலக் கலப்பு பல நூறு மீட்டர் ஆழம் போகிறது, வசந்தத்தில் பாசி வெடித்துப் பெருகுகிறது. வட பசிபிக்கின் துருவ ஓரப் பகுதியில் உவர்ப்பு குறைந்த மேலடுக்கு மூடிபோல் நிற்பதால் கலப்பு அவ்வளவு ஆழம் போவதில்லை. இரும்புச்சத்தும் போதாது. நுண்வேட்டையர்கள் ஆண்டு முழுதும் பாசியை மேய்ந்துகொண்டே இருக்கிறார்கள். பெரிய வசந்தப் பெருக்கம் அங்கே இல்லை.

அதற்கேற்ப அங்குள்ள நியோகலானஸ் வேறு வழியைப் பிடித்திருக்கிறது. கோடையில் எண்ணெய் சேர்த்து ஆழத்துக்கு இறங்குவதுவரை ஒன்றுதான். ஆனால் பெண் விலங்கு மறுபடி மேலே வருவதே இல்லை. ஆழத்திலேயே முதிர்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. முதிர்ந்த பெண்ணின் வாயுறுப்புகள் குன்றிப்போயிருக்கும். தின்னப் போவதில்லை என்பதால் தேவையும் இல்லை. குஞ்சுகள் மட்டும் மேலேறுகின்றன.

இன்னும் ஒரு விலகல். துயில்நிலை குளிர்க்கடலுக்கே உரியதும் அல்ல. சோமாலியக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழ்நீர் மேலெழுந்து உணவு பெருகும். அப்போது மேலே குவிகிற கலனாய்டஸ் என்ற கோப்பிபாட், காற்று ஓய்ந்ததும் எண்ணெயோடு ஆழத்துக்குப் போய் அடுத்த பருவம்வரை காத்திருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் துருவக்கடலின் பழக்கம். துயில்நிலையை உருவாக்குவது குளிர் அல்ல, உணவின் பருவத்தாளம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

## மேலும் கீழும்: வெளிச்சமும் ஆக்சிஜனும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்களின் ஒலி அலைக் கருவிகள் கடலின் நடு ஆழத்தில் ஒரு பொய்யான அடித்தளத்தைக் காட்டின. பகலில் பல நூறு மீட்டர் கீழே இருக்கும் அந்த அடுக்கு, இரவில் மேலே வந்துவிடும். அது உயிர்களின் கூட்டம் என்பதை ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் 1945-இல் காட்டினார். பகலில் கண்ணால் வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்ப இருட்டுக்கு இறங்குவது, இரவில் உணவுக்கு மேலேறுவது. மொத்த எடையை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப்பெரிய விலங்கு இடப்பெயர்ச்சி இதுதான். ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

எவ்வளவு ஆழம் என்பது கடலுக்குக் கடல் மாறும். பெருஞ்சுழல்களின் தெளிந்த நீரில் வெளிச்சம் ஆழமாக ஊடுருவுவதால் இறக்கமும் ஆழம். கலங்கிய கரையோர நீரில் குறைந்த ஆழமே போதும். ஆர்க்டிக்கின் முழு இருட்டுக் குளிர்காலத்தில் சூரியனே இல்லாதபோதும் பயணம் நிற்பதில்லை. நிலவின் நாளான 24.8 மணி நேரத்துக்குத் தாளம் மாறிவிடுகிறது. முழுநிலவை ஒட்டிய நாட்களில் கூட்டம் சுமார் 50 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. 2016-இல் வெளியான ஆய்வொன்று இதைப் பதிவு செய்தது.

கீழ் எல்லையை வெளிச்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அரபிக்கடலிலும் கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கிலும் நூறு, இருநூறு மீட்டருக்குக் கீழேயே ஆக்சிஜன் மிகக் குறைந்த தடித்த அடுக்கு தொடங்குகிறது. பல இனங்களுக்கு அது தாண்ட முடியாத தரை. இறங்க முடியாததால் பகலிலும் வெளிச்சத்துக்கு அருகே நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டியதாகிறது. தாங்கத் தெரிந்தவைக்கோ அதே அடுக்குதான் பாதுகாப்பான ஒளிவிடம். துரத்தும் மீன்கள் பல அங்கே வர முடியாது. பெரு, சிலி கரைகளின் யூஃபாசியா மியூக்ரோனேட்டா என்ற கிரில் பெரிய செவுள்களை வைத்துக்கொண்டு தினமும் அந்த அடுக்குக்குள் போய்வருகிறது. அரபிக்கடலில் புளூரோமாம்மா இண்டிகா என்ற கோப்பிபாட் அதே வேலையைச் செய்கிறது. கிரில்களில் செவுளின் பரப்பு என்ற ஒரு பண்பு, யார் எங்கே ஒளியலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

## மற்றவை, சுருக்கமாக

உணவு பிடிக்கும் முறையில் ஒய்த்தோனா ஒரு முனை. அசையாமல் தொங்கிக்கொண்டு, அருகில் எது துடித்தாலும் அதிர்வை உணர்ந்து பாயும். செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. ஆனால் அசையாத டயாட்டம் பக்கத்திலேயே மிதந்தாலும் அதற்குத் தெரியாது. கலானஸ் மறுமுனை. கால்களை ஓயாமல் அடித்து நீரோட்டம் உண்டாக்கி வடிகட்டுகிறது. டயாட்டம் பெருகும் கடலுக்கு இது பொருத்தம். ஒய்த்தோனா முட்டைகளைப் பையில் சுமக்கும். எண்ணிக்கை குறைவு, ஆனால் முட்டை அதிகம் அழிவதில்லை. கலானஸ் நீரில் விட்டுவிடும்; எண்ணிக்கை அதிகம், அழிவும் அதிகம்.

நிறத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வெப்பக்கடல்களின் மேற்பரப்பை ஒட்டியே வாழும் பொன்டெல்லா வகைக் கோப்பிபாட்கள் ஆழ்ந்த நீல நிறம். மேல்நீரில் கொஞ்சம் கீழே போனால் பெரும்பாலானவை கண்ணாடி போலத் தெளிவு. இன்னும் ஆழத்தில் சிவப்பு. அங்கே சிவப்பு ஒளியே எட்டாததால் சிவப்பு என்பது கருப்புக்குச் சமம்.

## வரைபடத்தை வரைந்தது வலைதான்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. உலகின் மிக நீண்ட மிதவையுயிரிப் பதிவு, ஆலிஸ்டர் ஹார்டி உருவாக்கிய தொடர் மிதவையுயிரிப் பதிவுக் கருவியிலிருந்து வருகிறது. 1931 முதல் வழக்கமான வணிகக் கப்பல்கள் அதை இழுத்துக்கொண்டு போகின்றன. உள்ளே ஒரு பட்டுத்துணிச் சுருள் மெல்ல நகர்ந்து, வந்த உயிர்களைப் பிடித்து, ஃபார்மலினில் சுற்றிக்கொள்கிறது. அற்புதமான ஏற்பாடு. ஆனால் துணியின் கண் 270 மைக்ரோமீட்டர்; கருவி ஓடும் ஆழம் பத்து மீட்டருக்குள்; பதிவுகளில் பெரும்பகுதி வட அட்லாண்டிக்கைச் சேர்ந்தது.

1960-களின் முதற்பாதியில் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்களில் எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரியான வலையைப் பயன்படுத்த முடிவுசெய்தன. ஒப்பிட வசதியாயிற்று. அதன் கண்ணும் 300 மைக்ரோமீட்டருக்கு மேல். ஒய்த்தோனாவும் கோப்பிபாட் குஞ்சுகளும் இப்படிப்பட்ட வலைகள் வழியாகப் பெருமளவு தப்பிவிடும். ஜெல்லி உடலிகளோ கிழிந்து கூழாகிவிடும். 2008 முதல் 2013 வரை பல கப்பல் பயணங்களில் நீருக்கடியில் கேமராவை இறக்கி எடுத்த 18 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 2016-இல் ஆராய்ந்தபோது, பெரிய ரைசேரியாக்கள் அதுவரை நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம் என்று தெரியவந்தது. வலை காலங்காலமாக அவற்றைச் சிதைத்தே கொண்டுவந்திருக்கிறது.

இனம் பிரிப்பதிலும் சிக்கல் உண்டு. கலானஸ் ஃபின்மார்க்கிகஸையும் கிளேசியாலிஸையும் பல ஆண்டுகள் உடல் நீளத்தை வைத்தே பிரித்தார்கள். டிஎன்ஏ சோதனை வந்த பிறகு இரண்டின் நீளங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவது தெரிந்தது. அதுவரை ஃபின்மார்க்கிகஸ் என்று எண்ணப்பட்டவற்றில் பல, நார்வேயின் ஃபியோர்டுகளில் (நிலத்துக்குள் நீளும் குறுகிய, ஆழமான கடல் கால்வாய்கள்) வாழும் கிளேசியாலிஸ்கள். பெயர் தவறினாலும் அளந்த நீளம் தவறில்லை என்பது பண்புமுறைக்கு ஒரு பலம்.

## விளைவுகள்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஒன்று போய் இன்னொன்று வந்தால் என்ன ஆகிறது?

1. நேரம் தவறுகிறது. வடகடலில் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் குறைந்து கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் கூடியது. இரண்டையும் வேறுபடுத்த, நுண்ணோக்கியில் ஐந்தாம் காலின் உள்விளிம்பு எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவு ஒற்றுமை. ஆனால் முன்னது வசந்தத்தில் உச்சம், பின்னது கோடை முடிவை ஒட்டி. காட் மீன் குஞ்சுகள் உணவு தேடுவது வசந்தத்தில். அளவு, எண்ணெய் எல்லாம் ஏறக்குறைய ஈடாகியும், நாட்காட்டி ஈடாகவில்லை.

2. தரம் மாறுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் நியூபோர்ட் கோடு என்ற பாதையில் 1996 முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறார்கள். வடக்கிலிருந்து குளிர்நீர் வரும் ஆண்டுகளில் எண்ணெய் நிறைந்த கோப்பிபாட்கள். தெற்கிலிருந்தும் நடுக்கடலிலிருந்தும் வெந்நீர் வரும்போது இன எண்ணிக்கை கூடும், ஆனால் உடல் சிறிது, எண்ணெய் குறைவு. அந்த ஆண்டுகளில் கடலுக்குள் வரும் இளம் சால்மன்கள் பிழைப்பது குறைகிறது. 2014 முதல் 2016 வரை நீடித்த பசிபிக் வெப்ப அலையின்போது இந்தச் சிறிய, எண்ணெயற்ற கூட்டமே நிலவியது. அதன் முதல் குளிர்காலத்தில் கோப்பிபாட்களையும் கிரில்களையும் உண்டு வாழும் காசின் ஆக்லெட் பறவைகள் பெருமளவில் செத்துக் கரையொதுங்கின. அதிக இனங்கள் இருந்தால் நல்லது என்ற பொதுநம்பிக்கை இங்கே செல்லுபடியாகவில்லை.

3. மேலே இருப்பவர்கள் இடம் மாறுகிறார்கள். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் பல டன் உடலை மூன்று மி.மீ. கலானஸை வைத்தே வளர்க்கிறது. 2010-ஐ ஒட்டி மெய்ன் வளைகுடாவின் ஆழ்நீர் சூடாகி, எண்ணெய் நிறைந்த கலானஸ் அங்கே குறைந்தது. திமிங்கிலங்கள் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு இடம் மாறின. கப்பல் வேகக் கட்டுப்பாடும் மீன்பிடிக் கருவி விதிகளும் அங்கே அவற்றுக்கென இருக்கவில்லை. 2017-இல் மட்டும் அமெரிக்க, கனடியக் கடல்களில் 17 திமிங்கிலங்கள் இறந்தன. உலகில் எஞ்சியிருப்பவை 400-க்கும் கீழே.

4. ஆர்க்டிக்கில் விவாதம் முடியவில்லை. ஃபின்மார்க்கிகஸ் வடக்கே ஏறி கிளேசியாலிஸின் இடத்தைப் பிடித்தால் உணவுவலையே வறண்டுபோகும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. சிறியது வேகமாகத் தலைமுறை மாற்றுவதால் ஆண்டு மொத்த எண்ணெயில் பெரிய இழப்பு இருக்காது என்று இன்னொரு தரப்பு. இரண்டும் சரியாக இருக்கலாம்; யார் தின்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும் லிட்டில் ஆக் பறவைக்குத் தனி உயிரின் எண்ணெய் முக்கியம். கூட்டத்தை வாரி விழுங்குபவருக்கு மொத்தம் முக்கியம்.

5. கார்பன் கணக்கு மாறுகிறது. துயிலப்போகும் கலானஸ் தன் எண்ணெயையும் கூடவே ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே மூச்சாக எரிக்கிறது. வட அட்லாண்டிக்கில் இப்படி ஆழம் போகும் கார்பன், கழிவுத் துகள்கள் மூழ்குவதால் போகும் அளவோடு ஒப்பிடத்தக்கது என்று 2015-இல் ஒரு கணக்கீடு வந்தது. துயிலாத சிறு கோப்பிபாட்கள் அந்த இடத்துக்கு வந்தால் இந்த வழி அடைபடும். சால்ப்கள் வந்தால் வேறு வழி திறக்கும். அவற்றின் கனமான கழிவு உருண்டைகள் ஒரே நாளில் பல நூறு மீட்டர் மூழ்கும்.

6. ஓடு கரைகிறது. குளிர்ந்த நீர் கார்பன் டைஆக்சைடை அதிகம் ஏற்பதால், டெரோபாட்களின் அராகோனைட் என்ற சுண்ணாம்பு வகை ஓட்டுக்கு முதல் ஆபத்து துருவக்கடல்களில்தான். தென்பெருங்கடலின் ஸ்கோஷியா கடலில் உயிரோடு பிடித்த லிமாசினா என்ற டெரோபாட்களின் ஓடுகளில் கரைந்த தடங்களை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபொராமினிஃபெராக்களின் நிலை வேறு. தொழிற்புரட்சிக்கு முந்தைய கடலடி வண்டலோடு இன்றைய கூட்டங்களை ஒப்பிட்டபோது, அவை சுமார் 600 கி.மீ. இடம் பெயர்ந்திருப்பது 2019-இல் தெரியவந்தது.

கடைசியாக, "சிறுத்துப்போகின்றன" என்ற வரிக்கு நேரெதிரான ஒரு வழக்கு. தென்பெருங்கடலின் அட்லாண்டிக் பகுதியில் அண்டார்க்டிக் கிரிலின் 90 ஆண்டுப் பதிவுகளை 2019-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அங்கே நீர் சூடாகியிருக்கிறது, கடற்பனி குறைந்திருக்கிறது, கூட்டத்தின் மையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே போயிருக்கிறது. ஆனால் கிரிலின் சராசரி நீளம் குறையவில்லை; 1970-களிலிருந்து சுமார் 6 மி.மீ. கூடியிருக்கிறது. எந்தக் கிரிலும் கொழுத்து வளர்ந்துவிடவில்லை. குளிர்காலத்தில் பனியின் அடியில் மேய்ந்து பிழைக்க வேண்டிய குஞ்சுகள் குறைந்துபோனதால், கூட்டத்தில் மிஞ்சியவை முதியவை. எண்ணிக்கை உண்மையில் எவ்வளவு சரிந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சர்ச்சை உண்டு. சராசரி அளவு கூடியதை நலம் கூடியதாக மட்டும் அவர்களில் யாரும் படிக்கவில்லை.